மூன்றாவதை நம்பாதே

தபால்தலையில் பாதி இருப்பாய்.
நூற்றிருபத்தெட்டுக் கால்கள்; ஓரடி நகர்ந்ததில்லை.
தாய்ப்பலகையின் ஒதுக்குப்புறத்தில் உட்கார்ந்து
யாருக்கெல்லாம் காய்ச்சல் என்று
விநாடிக்கு விநாடி தொட்டுப் பார்ப்பது உன் வேலை.
எனக்கு, கெமியார்வி நீரளவை நிலையத்தில்
ஆற்றுப் பனிக்கட்டியின் கனம் எழுதும் வேலை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே நாம் இருவர்,
ஒரு விசிறி.

அந்த விசிறிதான் தொல்லை.
விடிய விடிய முழு வேகம்.
தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவதுபோல
நான்கு மாதம்.

ரைமோ ரோவானியேமிக்கு மாற்றலாகிப் போகுமுன்
பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தான்:
"மூன்றாவதை நம்பாதே. பொய் சொல்லும்."
அவன் கணக்கில் நீ ஒரு கிறுக்கு.
கிறுக்கின் கையில் விசிறி எதற்கென்று
முழு வேகத்தில் பூட்டிவிட்டுப் போனான்.

உனக்கொரு கையேடு தேடினேன், கிடைக்கவில்லை.
உன்னைச் செய்த கம்பெனி இரண்டு முறை பெயர் மாறியிருக்கிறது.
எந்தக் காலில் எதைக் கட்டினார்கள் என்பது
உனக்கே தெரியாது.
எண் மட்டும் சொல்வாய்.
ஒன்று, நாற்பத்திரண்டு.
இரண்டு, மைனஸ் நூற்றிருபத்தெட்டு.
மூன்று, இருபத்தொன்பது.

இரண்டாவதைப் பார்த்து முதல் நாள் பயந்துவிட்டேன்.
பிறகு புரிந்தது,
அந்தக் காலில் எதுவுமே கட்டவில்லை.
இல்லாததற்கும் ஒரு குளிர் வைத்திருக்கிறாய்.
(இதைப் பற்றி மேலே எழுதப்போவதில்லை.)

மூன்றாவது எங்கே?
மூடியைக் கழற்றினேன். கையுறையை உருவினேன்.
பலகையில் ஒவ்வொன்றின் மேலும்
விரல் வைத்து, திரையைப் பார்த்து, எடுத்து,
வைத்து,
கடைசியில் ஓரமாக, கதவுப் பக்கம், மிளகளவு ஒரு தெர்மிஸ்டர்.
இருபத்தொன்பது முப்பதானது.
முப்பத்தொன்று.
முப்பத்திரண்டு.
என் சூடு அது.
இந்தக் குளிர்காலத்தில் வேறு யாரும் அதைக் குறித்துவைக்கவில்லை.

பழைய பதிவுகளைத் திறந்தேன்.
உனக்கு ஞாபகம் கிடையாது; ரைமோவின் நிரல்
உன் வாயிலிருந்து பிடுங்கி எழுதிவைத்தது.
மூன்று வருடம், நிமிடத்துக்கு ஒரு வரி.
மூன்றாவது ஒழுங்காகவே போகிறது, பிறகு
பதினொன்று பத்துக்குச் சட்டென்று பதினாறு டிகிரி விழுகிறது.
ஏழு நிமிடத்தில் எழுந்துகொள்கிறது.
பன்னிரண்டு பத்து. ஒன்று பத்து. இரண்டு பத்து.
ரைமோவின் இரவுப் பணிகளில் மட்டும்.
அதுவும் குளிர்காலத்தில் மட்டும்.

அவன் மனைவி ஹில்லா சொல்லியிருக்கிறாள்,
எனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே, பெருமையாக:
"சிகரெட்டை விட்டு நாலு வருஷம் ஆச்சு."

பொய்யன் நீ இல்லை, பாவம்.
சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.
ஹில்லாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

விசிறியை உன் கையில் கொடுத்தேன்.
மூவாயிரம் என்றாய். இரண்டாயிரத்து எழுநூறு.
அடுத்து, பூஜ்யம்.
பதறி ஓடிப்போய்ப் பார்த்தால் சுற்றிக்கொண்டிருந்தது.
எட்டு பிட்டுக்கு மேல் உனக்கு எண்ண வராது;
மெதுவாகச் சுற்றுவதும் நின்றுபோவதும்
உனக்கு ஒன்றுதான்.
வகுக்கும் எண்ணை இரண்டிலிருந்து எட்டாக்கினேன்.
எழுநூற்று நாற்பது, என்றாய்,
தப்பை ஒத்துக்கொள்ளும் சங்கடம் துளியுமில்லாமல்.

அப்புறம் ஏதோ கேட்டது.
என்னவென்று வெகுநேரம் பிடிபடவில்லை.
ஆறு.
ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டி விரிசல் விடும் சத்தம்,
அடிவயிற்றிலிருந்து,
கரையிலிருந்து கரைக்கு.
நாலு மாதமாக அதன் கனத்தை எழுதியிருக்கிறேன்,
குரல் கேட்டதில்லை.

நன்றாகக் கேட்கவேண்டுமென்று கதவைத் திறந்தேன்.
நீ சொல்வாய், நிரல் எழுதிக்கொள்ளும்:
இரண்டு பத்து, மூன்றாவது, பதிமூன்று டிகிரி.
எனக்குப் பின்னால் வந்து இதைப் படிக்கிறவர்
டூலிக்கி புகைக்கப் போனாள் என்றே
நினைத்துக்கொள்ளட்டும்.